சந்தியில் விடப்படும் உயிர்கள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியிலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொஸ்லாந்தை வழியே வெல்லவாயாவுக்கு இறங்க, மற்றது அப்புத்தளை, பண்டாரவளை எனப் பதுளைப் பக்கம் செல்கிறது. பஸ்ஸுக்குக் காத்து நிற்போரும் அவர்கள் வீசும் பணிஸ் துண்டும் அங்கே எப்போதும் உண்டு. ஆதலால் வேண்டாத நாய்க்குட்டிகளைக் கொணர்ந்து விடுவோர்க்கும் அச்சந்தியே வசதியாயிற்று. விடப்படுபவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். ஆண்குட்டியை லயத்தில் யாரேனும் எடுத்துக்கொள்வர். பெட்டையோ ஈன்றுகொண்டே இருக்கும் என்று ஒதுக்குவர். லொறியில் அடிபட்டவையும் இரவிற் சிறுத்தைக்கு இரையானவையும் போக எஞ்சுபவை சிலவே. நட்புக்கு யானையினும் நாயே மேலென்று நாலடியார் கூறும் செய்யுளை வகுப்பில் ஒப்பித்துவிட்டு, மாலையில் அவற்றின்மேற் கல்லெறியும் மாணவரையும் நான் கண்டதுண்டு.

எங்கள் வீட்டில் நாய் வேண்டுமென்ற பேச்சு எழுந்தபோது மகன் அல்சேஷன் குட்டி கேட்டான். மாமியாரோ விசர்நாய்க்கடிக்கு அஞ்சி, நாயே ஆகாது என்றார். அவரது அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. அந்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. ஆனால் 1885இல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டுக் காட்டியது முதல், நோய் வருமுன் தடுக்க வழியுண்டு. நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடவேண்டும். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சுகாதாரப் பகுதியினர் நாய்களுக்கு இலவசமாகவே ஊசி போடுகின்றனர்.

முடிவில் ஒரு காப்பகத்துக்குச் சென்றோம். அங்கே எங்களை விசாரித்த விசாரணை சிறிதன்று. வீட்டுக்கு மதில் உண்டா? பகலில் யார் இருப்பார்? விடுமுறைக்கு ஊர் சென்றால் சோறு வைப்பவர் யார்? சங்கிலியிற் கட்டியே வைப்பீர்களா?

"பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இத்தனை கேட்கவில்லையே!" என்றாள் மனைவி.

எனக்கோ அக்கேள்விகளே நம்பிக்கை தந்தன. ஊசி அட்டையையும் கருத்தடை செய்த சான்றையும் காட்டி, ஒத்துவராவிடில் தெருவில் விடாது தம்மிடமே திருப்பித் தருமாறு சொல்வதுதான் காப்பகம். காசை வாங்கிக்கொண்டு குட்டியைக் கையிற் கொடுப்பது கடை.

இவ்வகைப் பணிக்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்னோடி உண்டு. 1959இல் சென்னைத் தியாகராயநகர் வெள்ளத்தில் தத்தளித்த இரு குட்டிகளை வீட்டுக்கு எடுத்துவந்த விமானி கேப்டன் சுந்தரம், புளூ கிராஸ் சங்கத்தை நிறுவினார். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் முறையை அச்சங்கம் 1964இலேயே தொடங்கிற்று. இலங்கையிலும் 2007இல் தோன்றிய எம்பார்க் போன்ற அமைப்புகள் நாய்களுக்கு வீடு தேடித் தருகின்றன.

எங்களுக்கு வாய்த்தது அல்சேஷனன்று; காது கிழிந்த மூன்று வயதுப் பெட்டை. வீடு மாறிப் போனவர்கள் விட்டுச் சென்றதாம். முதல் வாரம் சோற்றைத் தொடாமல், படலையருகே சாலையை நோக்கியே படுத்திருந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூடப் பேசினோம். எட்டாம் நாள் மாமியார் தம் ரொட்டியிற் பாதியைப் பிய்த்து அதன் முன் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அது தின்றது.

அடுத்த தடுப்பூசிக்குரிய நாளை அவரே பஞ்சாங்கத்திற் குறித்து வைத்திருக்கிறார்.