சங்கிலியும் நாமும்

43ஆம் வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகிறவனைக் கண்டு தலைநகரத்தார் எவரும் சிரிப்பதில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை. சிரிக்கும் பொறுப்பையும் நாமே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த நாள் முதல் பேருந்திலும், பின்னர் மெட்ரோ ரயிலிலும் சென்று வந்த நமக்கு வண்டி எதற்கு என்று கேட்பீர்கள். நம் மகளின் பயிற்சி வகுப்பு இரவு எட்டரைக்கு முடிகிறது. மெட்ரோ நிலையமோ அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். தில்லியின் டிசம்பர் மூடுபனியில் அத்தூரத்தை அவள் தனியே நடக்கலாகாது என்று இல்லத்தரசியார் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டுக்கு இடமில்லை. சக ஊழியர் ஒருவரிடமிருந்து, எட்டாண்டு உழைத்த 100 சி.சி. வண்டியொன்று நம் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

கிளட்சும் கியரும் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. பழகாமல் நின்றது ஓர் ஓசை. வேகத்தைக் குறைத்துக் கூட்டும் ஒவ்வொரு முறையும் பின்சக்கரத்தருகே 'கடக்' என்றொரு குலுக்கல். அருகிலிருந்த மிஸ்திரி, "செயின் லூசு" என்று கூறி, ஐந்து நிமிடத்தில் அதை வீணைத் தந்திபோல் முறுக்கிக் கொடுத்தார். கடக் நின்றது, முனகல் பிறந்தது. பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது.

வண்டி உதிரி உறுப்புகளுக்குப் பெயர்போன கரோல் பாகில், முதிய சர்தார்ஜி ஒருவரிடம் கொண்டு சென்றோம். (ஒரு காலத்தில் நம்மவர் நிறையக் குடியிருந்த பகுதி அது, இப்போது அங்கே நாம் தேடிப் போவது நட்டும் போல்ட்டும்தான்.) அவர் சங்கிலியை விரலால் தட்டிப் பார்த்து, "பாபுஜி, இது ஓட்டுவதற்கா, நிறுத்தி வைத்து அழகு பார்ப்பதற்கா?" என்று இந்தியில் கேட்டார். பிறகு அதைத் தளர்த்திவிட்டு, கடைப் பையன்கள் இருவரை இருக்கையில் ஏற்றி, இப்போது தொட்டுப் பாருங்கள் என்றார். ஆள் இல்லாதபோது தொங்கிய சங்கிலி, ஆள் ஏறியதும் ஏறக்குறைய நேராகிவிட்டிருந்தது!

காரணம் எளியது. முன்பற்சக்கரம் ஓரிடத்தில் நிலையாக இருக்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் வேறோர் இடத்தில் கீல்கொண்டு மேலும் கீழும் ஆடுகிறது. சுமை ஏறி முன்பற்சக்கரம், கீல், பின்அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது சங்கிலி கடக்க வேண்டிய தூரம் மிகுதியாகிறது. அந்த மிகுதிக்காகத்தான் வெறும் வண்டியில் தளர்ச்சி வைக்கிறார்கள். சிறிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர். தம் வண்டிக்குரிய அளவை அவரவர் கையேட்டில் காணலாம். தளர்ச்சி இல்லையேல், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு கியர்ப்பெட்டியின் பேரிங்கில் விழும். சங்கிலி அறுந்தும் போகலாம். அளவுமீறித் தளர்ந்தாலோ பல்லைவிட்டுக் கழன்று, பின்சக்கரத்தை ஓட்டத்திலேயே பூட்டிவிடும். பின்னால் மகள் அமர்ந்திருக்கும் வண்டியில் இவ்விரண்டையும் நினைத்துப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை. அன்றே ஸ்பானர்கள் வாங்கினோம்.

இப்போது 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இச்சடங்கு நடைபெறுகிறது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை இல்லத்தரசியாரிடம் ஒப்படைத்துவிடுவோம். எஞ்சின் ஓடச் சங்கிலியைத் துடைத்து விரலிழந்தவர் கதைகளைச் சர்தார்ஜி சொல்லியிருக்கிறார். சங்கிலிக் கூட்டிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, மகள் தன் ஜியாமெட்ரிப் பெட்டி அளவுகோலை உள்ளே வைப்பாள். சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றி நாலைந்து இடங்களில் அளக்க வேண்டும். "அப்பா, இங்கே இருபத்திரண்டு... இங்கே இருபத்தெட்டு" என்பாள். சங்கிலி எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மிக இறுகிய இடத்தைக் கொண்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

அச்சு நட்டைத் தளர்த்தியபின், இருபக்கத்துத் திருகுகளையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருப்புவோம். இரு பக்கக் குறிகளும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் சக்கரம் கோணும். அச்சு நட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்கிறோம், ஏனெனில் இறுக்கும்போதே அளவு சற்று நகர்ந்துவிடும். பலர் இதைச் செய்வதில்லை. சக்கரம் பின்னே நகர்ந்ததால் டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபடும். மிதியின் இடைவெளியையும், பின்விளக்கு உரிய நேரத்தில் எரிகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். விளக்கைப் பார்க்க மட்டும் சாவி திரும்பி வரும். கடைசியில் 90ஆம் எண் கியர் ஆயில், துளித்துளியாக.

இதற்கிடையில் நாம் விதிப்புத்தகத்தையும் புரட்டினோம். எழுத்தர் புத்தி எங்கே போகும்? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்கக் காப்பு வேண்டும் என்கிறது. நம் வண்டியில் அது ஆட்டங்கண்டிருந்தது. ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குச் சேலையுடுத்தி வரும் இல்லத்தரசியாருக்காகப் புதிதாகப் பொருத்தினோம்.

சென்ற மாதம் இறுகிய இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் வேறுபாடு மிகுந்துவிட்டது. பற்சக்கரத்தின் பற்களும் கொக்கிபோல் வளைந்திருந்தன. மூன்றையும் ஒருசேர மாற்ற வேண்டும், பழைய பல் புதுச் சங்கிலியைத் தின்றுவிடும் என்றார் சர்தார்ஜி. உருளைச் சங்கிலி இன்றைய வடிவத்தைப் பெற்றது 1880இல், மான்செஸ்டரில், ஹான்ஸ் ரெனால்டு என்பவரால். நமக்காக அவர் எடுத்துவைத்த பெட்டியில் இருந்த ஊர்ப்பெயரோ கோயம்புத்தூர். "உங்கள் பக்கத்துச் சரக்கு, பாபுஜி" என்று சிரித்தார். பெட்டியை மகள் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.