மூன்று சப்ளையர், ஒரே ஊர்

ஆன்லைனில் கடை நடத்தும் பிள்ளைகள் யோசனை கேட்டு வரும்போது, "எனக்கு மூணு சப்ளையர் இருக்காங்க ஐயா, பயமில்லை" என்பார்கள். பாரிமுனையில் இறக்குமதி வியாபாரத்திலேயே தலை நரைத்தவன் நான். அந்த மூவரும் எந்த ஊர், எந்தத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறார்கள், மூலப்பொருளை யாரிடம் வாங்குகிறார்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் மூவருமே சீனாவின் யிவூ நகரத்தில் இருப்பார்கள். மூவரின் கன்டெய்னரும் நிங்போ துறைமுகத்திலிருந்து கிளம்பும்.

யிவூ சந்தையில் சுமார் 75,000 கடைகள் இருக்கின்றன. பல கடைக்காரர்களுக்குச் சொந்த ஆலை கிடையாது. ஓர் ஆலையின் சரக்கையே நாலு கடையில் நாலு விலைக்குப் பார்க்கலாம். ஒரே ஏரியை நம்பிய மூன்று வாய்க்கால்களைப் போலத்தான் இந்த மூன்று சப்ளையரும்.

2020 ஜனவரி 25 சீனப் புத்தாண்டு. அதற்கு இரண்டு நாள் முன்பு கொரோனா நோயால் வூஹான் நகரம் மூடப்பட்டது. பண்டிகைக்கு ஊருக்குப் போன தொழிலாளிகள் திரும்ப முடியவில்லை, விடுமுறை நீண்டது, ஆலைகள் தயங்கித் தயங்கித்தான் திறந்தன. அந்த நாட்களில் எத்தனை சீன சப்ளையரை அழைத்திருந்தாலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும். நோய் வராத வருஷத்திலும் புத்தாண்டை ஒட்டி ஆலைகள் வாரக்கணக்கில் ஓடுவதில்லை. பொங்கலுக்குப் பிறகு ஆர்டர் போட்டுவிட்டுப் பதறும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன்.

அதற்காகச் சீனாவை விட்டுவிட வேண்டாம். இத்தனை வகைப் பொருளை இத்தனை வேகத்தில் செய்து தர இன்று வேறு நாடு இல்லை. ஆனால் நீங்கள் அதிகம் விற்கும் இரண்டொரு பொருளுக்காவது வேறு நாட்டில் ஓர் ஆளைத் தேடுங்கள். எந்தப் பொருள் எந்த ஊரில் தலைமுறைத் தொழிலோ அங்கே போய்த் தேடுங்கள். பீங்கானுக்கு ஹனோய் பக்கத்தில் பாட் சாங் கிராமம். மரவேலைக்கு மத்திய ஜாவாவின் ஜெபாரா. துண்டுக்குத் துருக்கியின் டெனிஸ்லி. கம்பளி ஃபெல்ட் பொருட்களுக்குக் காத்மாண்டு.

தேடும்போது சரக்கு வரும் வழியையும் பாருங்கள். வியட்நாம் சரக்கும் சீனச் சரக்கும் சென்னைக்கு வருவது மலாக்கா நீரிணை வழியாகத்தான். நாடு மாறினாலும் கடல்வழி மாறவில்லை. துருக்கிச் சரக்குக்குச் சூயஸும் செங்கடலும் வழி. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் அடைத்தது அந்த வழியைத்தான். 2023 கடைசியிலிருந்து கப்பல்கள் தாக்குதலுக்குப் பயந்து விலகியதும் அங்கேதான். காத்மாண்டுச் சரக்கோ ரக்சால் எல்லை தாண்டி லாரியிலேயே வந்துவிடும்.

சட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஆசியான் நாடுகளிலிருந்து வரும் பொருளுக்கு ஒப்பந்தப்படி சுங்கவரிச் சலுகை உண்டு. சீனாவில் செய்ததை வியட்நாமில் பெட்டி மாற்றி அனுப்பினால் அது கிடைக்காது; அந்த நாட்டில் போதுமான வேலை நடந்திருக்க வேண்டும். அதற்கான விவரங்களை இறக்குமதி செய்கிறவரே கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2020 முதல் விதி. இன்னொன்று தரச் சான்றிதழ். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரைக்கான உரிமம் உங்கள் பெயரில் வராது, பொம்மை செய்யும் வெளிநாட்டு ஆலைக்குத்தான் வழங்கப்படும். ஆலை மாற்றினால் உரிமம் கூடவே வந்துவிடாது. இரண்டாவது ஆலைக்கும் தனியாக இருக்கிறதா என்று அட்வான்ஸ் அனுப்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் சப்ளையரின் அடக்கவிலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இருந்தாலும் வியாபாரம் நன்றாக ஓடும் மாதத்திலேயே நூற்றுக்கு இருபது பங்கு ஆர்டரை அவருக்குக் கொடுங்கள். நெருக்கடியில் முதல்முறையாகக் கதவைத் தட்டுகிறவரை எந்த ஆலைக்காரரும் வரிசையின் கடைசியில்தான் நிறுத்துவார். அதில் அநியாயம் இல்லை. அவரை நம்பி வருஷம் முழுக்க ஆர்டர் கொடுத்தவர்கள் முன்னால் நிற்கிறார்கள். ஒரு சப்ளையரின் விலையை இன்னொருவரிடம் காட்டி அடிமாட்டு விலைக்கு இழுக்கவும் வேண்டாம். விலையை அளவுக்கு மீறிக் குறைத்தால் தகட்டின் கனம் குறையும், சாயத்தின் தரம் குறையும். அதைக் கண்டுபிடிக்கப் போவது உங்கள் வாடிக்கையாளர்.

இரண்டு ஆலைச் சரக்கையும் கோடவுனில் ஒன்றாகக் கலக்காதீர்கள். தனித்தனி எண் போடுங்கள். ஒரே லிஸ்டிங்கில் இரண்டு விதமான நிறம் போனால் ரிட்டர்ன் குவியும். குறை எந்த ஆலையுடையது என்று சொல்லக்கூட முடியாது.

முக்கியமான ஒன்று. உங்கள் பொருளுக்கென்று தனி அச்சு செய்திருந்தால், அது யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? பலர் அச்சுக்குப் பணம் கட்டியிருப்பார்கள், எழுதி வாங்கியிருக்க மாட்டார்கள். அச்சு ஆலையிலேயே மாட்டிக்கொண்டால், உலகம் முழுக்க சப்ளையர் கிடைத்தாலும் வேறு இடத்தில் அந்தப் பொருளைச் செய்ய முடியாது. அச்சின் உரிமை, கேட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், பொருளின் அளவு, எடை, நிற எண், பேக்கிங் எல்லாவற்றையும் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு அடுத்த அட்வான்ஸை அனுப்புங்கள்.