துளசியும் கற்பூரவல்லியும்

துளசி, கற்பூரவல்லி இரண்டும் புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் வளர்ப்பில் நேரெதிர். துளசிக்கு நல்ல வெயிலும் தவறாத தண்ணீரும் வேண்டும். கோடையில் இரண்டு நாள் மறந்தால் தொட்டித் துளசி துவண்டுவிடும். கதிர் விட்டதும் கிள்ளிவிட வேண்டும். விதை முற்ற விட்டால் இலை சிறுத்து, தண்டு கட்டையாகி, செடி சீக்கிரம் மூப்படையும். ஆனால் எல்லாக் கதிரையும் கிள்ளிவிடக் கூடாது. ஒன்றிரண்டை விட்டுவைத்தால் உதிரும் விதையிலிருந்து புதுக் கன்றுகள் முளைக்கும்.

கற்பூரவல்லியின் தடித்த இலையே தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும். மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இது வாடிச் சாவது அபூர்வம். பாசத்தோடு தினமும் ஊற்றும் தண்ணீரில் வேர் அழுகிச் சாவதே மிகுதி. ஒரு கொம்பை ஒடித்து நட்டால் சில வாரங்களில் வேர்பிடித்துவிடும். அரைநிழல் விழும் பால்கனிக்கு இதைவிடப் பொருத்தமான செடி இல்லை.

துளசியின் காரமணத்துக்கு யூஜினால் என்ற வேதிப்பொருள் முக்கியக் காரணம்; கிராம்பிலும் அதுவே இருக்கிறது. கற்பூரவல்லியில் ஓமத்தின் வாசனை வீசக் காரணம் தைமால், கார்வக்ரால் என்ற வேதிப்பொருள்கள். ஓமவல்லி என்ற பெயரும் அதனால்தான். சளிக்கு இரண்டையும் கஷாயம் வைப்பது வழக்கம். பஜ்ஜிக்குக் கற்பூரவல்லிதான்: கடலைமாவில் தோய்த்துப் பொரித்தாலும் அதன் மணம் போவதில்லை.