கையைக் காட்டினால் நிற்கும் வண்டி

எங்கள் பக்கத்து மலையில் ஜீப்பை யாரும் கார் என்று நினைத்ததில்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் கிளம்பி, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு மெட்டு ஏறுவது ஜீப்பு. பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோருக்கும், காய்ந்த காயைப் போடிக்கும் கொண்டுபோவது ஜீப்பு. வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்கு இறக்குவதும், அங்கே கண் மூடியவரை வீட்டுக்கு ஏற்றி வருவதும் அதேதான். கேரளத்துப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூப்பாறையில் ஒரு வீட்டு வாசலில் ஜீப்பு நிற்கிறது என்றால், அந்தத் தெருவுக்கே ஒரு வண்டி இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கு முன்னால் இந்த மலையில் என்ன இருந்தது என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூணாறில் 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்குக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908-ல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டி, அங்கிருந்து கயிற்றுப்பாதையில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போகும். 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை வாரிக்கொண்டு போனது. திரும்ப யாரும் போடவில்லை. தேயிலைக்காவது கயிறு இருந்தது, மனுஷருக்குக் கால்தான் என்பார் தாத்தா. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா கம்பெனி பம்பாயில் பூட்டத் தொடங்கியது 1940-களின் கடைசியில். மலைக்கு வந்த ஜீப்பில் முதலில் துரைமார் போனார்கள். பிறகு தோட்டத்துக் கண்டக்டர்மார், கணக்குப்பிள்ளைமார். கடைசியில், மூன்றாம் கை நாலாம் கை மாறி, எங்களைப் போன்ற சிறு தோட்டக்காரர்கள்.

அப்பா வாங்கியது 1998 மாடல் மகிந்திரா கமாண்டர் ஜீப்பு. அதுவே பழைய வண்டிதான். கே.எல். 6 நம்பர், வெள்ளை போர்டு, தார்ப்பாய்க் கூரை, பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. டீசல் சத்தம் பூப்பாறைப் பாலத்தில் கேட்டால் அம்மா அடுப்பில் உலை வைப்பாள். வீடு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும்.

வண்டி எந்த நாளும் ஒழுங்காகக் கிளம்பியதில்லை. செல்ஃப் எடுக்காது. அதனால் எங்கே போனாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனாலும், இழவு வீட்டுக்குப் போனாலும், முதலில் அப்பா கண் தேடுவது சரிவான இடத்தை. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். பின்பெஞ்சுக்கு அடியில் ஒரு கருங்கல் கிடக்கும், ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது பஸ்ஸோ லாரியோ மறித்து வண்டி நின்றால், நான் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அந்தக் கல்லை அண்டை கொடுக்க வேண்டும். அப்பா கிளட்சை விட்டு, வண்டி முன்னால் ஒரு சாண் நகர்ந்ததும், கல்லை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டும். கல் சுடும். சக்கரத்தில் அரைபட்ட ரப்பர் மணமும் டீசல் மணமும் கையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் வரும்.

இன்னொரு வேலை ஏர் எடுப்பது. டீசல் வரும் பாதையில் காற்று புகுந்துவிட்டால் இன்ஜின் அடங்கிப் போகும். ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஃபீடு பம்பின் குமிழை விரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழியோடு டீசல், பிறகு குமிழி இல்லாத டீசல். அப்போது திருகை முறுக்கினால் வண்டி எடுக்கும். எங்கள் மலையில் என் வயதுப் பையன்களுக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டாலும் ஏர் எடுக்கத் தெரியும்.

அப்போது சாலை ஒரு வண்டி அகலம்தான். எதிரே ஒன்று வந்தால், இறங்குகிற வண்டி ஒதுங்கி ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஒதுங்கிய வண்டியும் ஏறும் வண்டியும் உரசாமல் நகர்கிற அந்த நேரத்தில், சாந்தம்பாறையில் காய் என்ன விலைக்குப் போனது, யார் மகளுக்கு எங்கே சம்பந்தம், ஆனையிறங்கல் பக்கம் யானை நிற்கிறதா என்று எல்லாச் சேதியும் கை மாறிவிடும்.

கையைக் காட்டினால் அப்பா நிறுத்துவார். அது தர்மம் என்றெல்லாம் அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. ட்ரிப்பு ஜீப்பைத் தவறவிட்ட பெண்கள், ரேஷன் அரிசி மூட்டையோடு நிற்கும் கிழவர், தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் எல்லாரும் ஏறுவார்கள். எத்தனை பேர் என்று எண்ணுவதில்லை. அது சரியில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். காசு வாங்கியதில்லை. ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் யார் வைத்தது என்று தெரியாமல் வட்டவடைப் பூண்டும், பட்டர் பீன்ஸும், ஒரு சீப்புப் பழமும் இருக்கும். வண்டி நடுவழியில் நின்றுபோனால், ஏறியவர்களே இறங்கித் தள்ளுவார்கள். ஜீப்பு எங்கள் பேரில் இருந்தது. அதில் ஏறும் உரிமை மலைக்கு இருந்தது.

2011 நவம்பர் கடைசியில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றி எல்லை கொதித்தபோது அந்த உரிமைக்குச் சோதனை வந்தது. கேரள நம்பர் வண்டி கீழே இறங்க முடியாது, தமிழ்நாட்டு நம்பர் வண்டி மேலே ஏற முடியாது. தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பயந்துபோய் மூட்டை முடிச்சோடு காட்டுப் பாதையில் நடந்தே இறங்கின. அப்பா குழந்தைகளையும் வயசானவர்களையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் வரை கொண்டுபோய் விட்டார். ஒவ்வொரு தடவையும் பக்கத்துத் தோட்டத்து மலையாளச் சேட்டன் தானாக வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். வழியில் யாராவது மறித்தால் பேச வேண்டியது அவர். அதைப் பற்றி இரண்டு பேரும் அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

2018 மழையில் எங்கள் ஏலச்செடி பாதி அழுகிப் போனது. மறு வருஷம் மலை முழுக்கக் காய் குறைவு. விலை ஏறிக்கொண்டே போய் 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. கையில் சரக்கு இருந்தவர்கள் அந்த வருஷம் புது வண்டி எடுத்தார்கள். ராஜகுமாரி, நெடுங்கண்டம் பக்கமெல்லாம் தார், பொலேரோ என்று பளபளத்தது. எங்களிடம் காய் இல்லை, கமாண்டர்தான் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மெட்டை அடைத்தார்கள். ஜீப்பு தார்ப்பாய்க்கு அடியில் மாதக்கணக்கில் நின்றது. பேட்டரி செத்தது, ஒயரிங்கை எலி கடித்தது, மழை தரையை அரித்தது. திரும்ப ஓட்டியபோது பிரேக் மிதிக்க மிதிக்க இறங்கியது.

முடிவு செய்தது அம்மா. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாகிவிட்டது. 2023-ல் எங்கள் வண்டிக்கு அடுத்த புதுப்பிப்பு. டிங்கரிங் பார்த்து, பிரேக் மாற்றி, டயர் போட்டு, பெயிண்ட் அடித்துத்தான் காட்ட முடியும். “அதுக்குக் கொட்டுற காச ஒரு நல்ல வண்டியில கொட்டலாம்” என்றாள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில். மச்சான்தான் அங்கே வாங்கலாம் என்றார். காரணம் இரண்டு. போடியிலோ பொள்ளாச்சியிலோ வாங்கினால் மாநிலம் மாறும். 12 மாதத்துக்குள் புது நம்பர் வாங்க வேண்டும், வரியை இங்கேயும் கட்ட வேண்டும். இன்னொன்று மழை. கணவாய்க் காற்று வீசும் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த காய்ந்த பூமி. அங்கே ஓடிய வண்டிக்கு அடியில் துரு இருக்காது. சமதரையில் ஓடியதால் கிளட்சும் தேய்ந்திருக்காது.

கேரளத்தின் இரண்டு மாவட்டங்களுக்கு நடுவில் போக நாங்கள் பிடித்த வழி தமிழ்நாட்டுக்குள்தான். மூணாறு, மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, பிறகு கோபாலபுரத்தில் மறுபடி கேரளம். 1947-க்கு முன்னால் இதே வழியில் போயிருந்தால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிளம்பி, பிரிட்டிஷ் மதராஸுக்குள் ஓட்டி, கொச்சி சமஸ்தானத்துச் சித்தூரில் இறங்கியிருப்போம். கோடு எப்படி மாறினாலும் இரண்டு முனையிலும் வீட்டுக்குள் பேசுவது தமிழ். எங்கள் தமிழுக்கு மதுரைப் பக்கத்து வாடை, அவர்கள் தமிழுக்குக் கோயம்புத்தூர் வாடை, அவ்வளவுதான். கமாண்டர் அந்தக் கடைசிப் பயணத்தில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அப்பாவுக்கு அதுதான் ஆத்திரம்.

அங்கே புரோக்கர் காட்டியது தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் வெள்ளை பொலேரோ. தோப்பில் கள்ளு வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது. மெக்கானிக் சாக்கை விரித்து அடியில் படுத்தார். ஸ்குரூடிரைவர் பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார். ஓசை ஒரே மாதிரி இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து, புகை தள்ளுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். பிறகு அதே சாக்கை இழுத்துக்கொண்டுபோய் எங்கள் கமாண்டருக்கு அடியில் படுத்தார். ஓசை இடத்துக்கு இடம் மாறியது.

“ஏனுங் மாமா, இதுல சேஸிஸ விட வெல்டிங்கு ஜாஸ்தியா இருக்குதுங்” என்றார் புரோக்கர், சிரிக்காமல்.

“மலை வண்டின்னா அப்படித்தான் இருக்கும் தம்பி” என்றார் அப்பா. “வெல்டிங் வச்ச எடம்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு இருக்காரு.”

எக்ஸ்சேஞ்சுக்கு அவர்கள் போட்ட விலை, இரண்டு மூட்டைக் காயின் விலைக்குச் சமம். பேப்பர் சரியாக இருக்கிற ஜீப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் கிடைக்காது என்றார்கள். நியாயமான விலைதான். இன்ஜினுக்கு விலை, டயருக்கு விலை, பேப்பருக்கு விலை. அதில் ஏறினவர்களின் பங்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்தப் படிவத்தில் இல்லை.

பொலேரோ நல்ல வண்டி. சாவியைத் திருப்பினால் எடுக்கிறது. ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்புகிறது. கேப் ரோட்டையும் மெட்டுச் சாலையையும் நெடுஞ்சாலைக்காரர்கள் அகலமாக்கிவிட்டதால் ஒதுங்கி வழி விட வேண்டியதில்லை. எதிரே வருகிறவர் யார் என்று பார்ப்பதற்குள் கடந்துவிடுகிறார். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு பெல்ட்டு. அது சரியான சட்டம்தான். ஆட்களை அடைத்துப்போன ஜீப்பு கவிழ்ந்து செத்தவர்களை எங்கள் மலைக்குத் தெரியும். ஆனால் கண்ணாடி ஏற்றிய வண்டியைப் பார்த்து யாரும் கை நீட்டுவதில்லை. முதல் மாதம் அப்பா தானாகவே வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். சாலையோரத்துப் பெண்கள் டூரிஸ்ட் வண்டி என்று நினைத்து, ஓரமாக ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜீப்புச் சத்தத்தை வைத்தே எங்களை அடையாளம் கண்டவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னாள்.

“நீ கல்லு போட்ட, உங்கப்பா ஸ்டியரிங்கப் பிடிச்சாரு. சரி. தள்ளுனது யாரு? மழையில, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, முழங்கால் சேத்துல தள்ளுனது நாங்க. ஆத்தாடி, அது தொலைஞ்சதுன்னு நான் மாரியம்மனுக்குப் பொங்க வச்சிருக்கேன்.”

“அப்ப ஏறின ஆளுங்க?”

“ஆளுங்க எங்கயும் போகல. நாமதான் கண்ணாடிய ஏத்திட்டோம்.”

பொலேரோவின் பின்பக்கம், கமாண்டர் மாதிரியே எதிரெதிரே இரண்டு சின்ன சீட்டு இருக்கிறது. காய் மூட்டை வைக்க வசதியாக அதைக் கழற்றிவிடலாம் என்று நான் சொன்னபோது அம்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போடிச் சந்தைக்குப் போகும்போது ஏசியைப் போட விடமாட்டாள். கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, பூப்பாறை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். ஆர்.சி. புத்தகத்தில் ஏழு பேர் என்று போட்டிருக்கிறது. நாங்கள் மூன்று பேர். மிச்ச நாலு இடம் யாருக்கு என்பது அம்மா கையில்.