பயணப் பையில் எந்த லென்ஸ்?



எங்கள் ஊர் பனவடலிசத்திரம். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் இருக்கின்றது. வடலி என்பது இளம் பனை. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். இவ்விரண்டையும் சேர்த்துத் தன் பெயராக்கிக்கொண்ட ஊரில் வாழ்கின்ற எனக்கு, பயணத்தைப் பற்றி எழுதச் சிறிது உரிமை உண்டென்றே எண்ணுகின்றேன்.

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். ஸலாம் கூறி அமர்ந்தவர், தம் கைப்பையைத் திறந்து ஒரு காமிராவையும் நான்கு லென்ஸுகளையும் என் முன் வரிசையாக வைத்தார். "ஹஜ்ரத், அடுத்த மாதம் உம்மாவையும் வாப்பாவையும் டெல்லி, ஆக்ராவுக்கு அழைத்துப் போகிறேன். நான்கையும் சுமக்க முடியாது. எதை எடுத்துப் போகட்டும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

மதரஸா ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் காமிரா வைத்திருப்பவன் என்பது ஊரறிந்த செய்தி. கல்லூரியில் வரலாறு பயின்ற நாளிலேயே பழைய கட்டடங்களின்மீது எனக்கு ஏற்பட்ட நாட்டம், பின்னாளில் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் ஒரு காமிராவாக வந்து சேர்ந்தது. ஆனாலும் அந்த மாணவருக்கு நான் உடனே விடை கூறவில்லை. "இரண்டு நாள் கழித்து வா" என்று அனுப்பிவிட்டேன். அவருடைய கேள்வி என் மனத்தின் பழைய புண் ஒன்றைத் தொட்டுவிட்டது. அதைத்தான் இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில், காமிராவைத் தொட்டுப் பாராதவர்களுக்காகச் சில சொற்கள். ஒவ்வொரு லென்ஸின்மீதும் மில்லிமீட்டரில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் பரந்த இடத்தைப் பார்க்கும். பெரிதாக இருந்தால் தொலைவில் உள்ள சிறிய பொருளை அருகே கொண்டுவரும். என்னிடம் மூன்று லென்ஸுகள் இருந்தன. காமிராவுடன் கடைக்காரர் சேர்த்தே கொடுத்த 18-55, பின்னர் வாங்கிய 50, ஆசைப்பட்டுக் கடன் பெற்று வாங்கிய 70-300.

என்னுடையதைப் போன்ற காமிராவில் படம் பதியும் தகடு ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர் அகலமுடையது. அதில் 50 லென்ஸைப் பொருத்தி, ஒரு சுவரிலிருந்து 10 அடி தள்ளி நின்றால், சுவரில் 5 அடி அகலம்கூடப் படத்தில் அடங்காது. அதே இடத்தில் நின்று 18இல் எடுத்தால் 13 அடி அடங்கும். 300 லென்ஸோ, 100 அடிக்கு அப்பால் உள்ள மரத்தில் 8 அடிக்கும் குறைவான பகுதியை மட்டுமே காட்டும். இந்தச் சிறு கணக்கைப் பயணத்திற்கு முன்பே போட்டுப் பார்க்காதவன் படும் துன்பத்தை நான் பட்டேன்.

என் தாயாரின் பிறந்த ஊர் பத்தமடை. தாமிரபரணிக் கரையின் கோரையைக் கொண்டு மெல்லிய பாய் நெய்வதில் பெயர் பெற்ற ஊர் என்பது நீங்கள் அறிந்ததே. அங்கே என் தாயாரின் மூத்த சகோதரி பாய் நெய்து வாழ்ந்து வந்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அந்த வீடு பாகப்பிரிவினைக்குப் பின் விற்கப்படவிருக்கின்றது என்ற செய்தி வந்தது. "ஒரு தடவை பார்த்துட்டு வந்துருவோம்ப்பா. நீ அந்தப் பெட்டியையும் எடுத்துக்க" என்றார்கள் உம்மா. காமிராவை அவர்கள் பெட்டி என்றுதான் சொல்வார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்தமடைக்குப் போகின்றோம், மறுநாள் உம்மாவைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்திற்குச் சென்று பறவைகளைப் படமெடுத்து வருவோம் என்று திட்டமிட்டேன். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குளத்தில் மட்டுமின்றி, வீட்டுக் கொல்லை மரங்களிலும் சங்குவளை நாரைகள் கூடு கட்டும் என்று படித்திருந்தேன். எனவே 70-300 கட்டாயம் என்று முடிவு செய்தேன். 50 சிறியது, எடையற்றது. அதுவும் வரட்டும் என்று வைத்தேன். 18-55ஐ வீட்டிலேயே விட்டுவிட்டேன். எடை ஒரு காரணம். காமிராவுடன் இலவசம்போல் வந்த லென்ஸ் என்ற இளக்காரம் உண்மையான காரணம். விலை கொடுத்து வாங்கியதைத்தானே மனிதன் மதிக்கின்றான்!

பத்தமடை வீடு முகப்பில் குறுகியது. உள்ளே நீண்டு செல்வது. தறி இருந்த கூடத்தின் அகலம் 9 அடிக்கு மேல் இராது. பாய்த்தறி துணித்தறிபோல் உயர்ந்து நிற்பதில்லை. தரையோடு தரையாக நூல் பாவியிருக்க, பெரியம்மா அதன் அருகே குந்தி அமர்ந்து ஒவ்வொரு கோரையாகச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோடு முதுகை ஒட்டி நின்று 50 லென்ஸ் வழியே பார்த்தேன். கதவு தெரிந்தால் சன்னல் இல்லை. சன்னல் தெரிந்தால் தறி இல்லை. வாசலுக்கு வெளியே போய் நின்றால் உள்ளே ஒரே இருட்டு. அன்று என் கையிலிருந்த கைபேசியோ பேசுவதற்கு மட்டுமே உதவுவது. துண்டு துண்டாக ஏழு படங்கள் எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டேன்.

பெரியம்மாவின் பக்கம் காமிராவைத் திருப்பியபோது அவர்கள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். "என் முகத்தை எடுக்காதே ராசா. கையை எடு. கைதானே நெஞ்சுது" என்றார்கள். எடுத்தேன். சன்னல் வெளிச்சத்தில், கோரையைத் தாங்கிய அந்த விரல்களை எடுக்க 50 லென்ஸைவிடச் சிறந்தது வேறில்லை. அந்த ஒரு படம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றது.

மறுநாள் கூந்தன்குளத்தில் 400க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். நாரை குஞ்சுக்கு இரை ஊட்டுவது, கூழைக்கடா இறங்குவது எல்லாம் அழகாக அமைந்தன.

வீடு அந்த ஆண்டே இடிக்கப்பட்டது. படங்களைப் பிரதி எடுத்து உம்மாவின் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "வாசல் இருக்கு, சன்னல் இருக்கு, தறியும் இருக்கு. வீடு எங்கப்பா?" என்று கேட்டார்கள். குறை கூறும் நோக்கமின்றி உண்மையாகவே தேடினார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். நாரைகள் மறு ஆண்டும் கூந்தன்குளத்திற்கு வந்தன. அந்த வீட்டை இனி நான் எந்த லென்ஸைக் கொண்டு எடுப்பேன்?

வாசகர்களே! இதற்குப் பின்னர்தான், எனக்கு முன்னால் பயணம் சென்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்கலானேன்.

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படைத்துறை அதிகாரி, 1850களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டு வரிசையைப் பதிவு செய்ய விரும்பினார். எந்த லென்ஸிலும் அடங்காத நீளம் அது. அவர் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே போய் எடுத்தார். 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. நானும் ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வருமாறு வரிசையாக எடுத்திருந்தால், அந்த 50 லென்ஸைக் கொண்டே கூடம் முழுவதையும் கொண்டு வந்திருக்கலாம். லென்ஸ் இல்லாமற்போனது பாதிக் குறை. சிந்தனை இல்லாமற்போனது மீதிக் குறை.

எகிப்தியப் படைப்பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனாவையும், 1880இல் மக்காவையும் படமெடுத்தார். அவ்விரு நகரங்களின் முதற்படங்களாக அறியப்படுபவை அவருடையவையே. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. பாதைகளையும் இடங்களையும் அளந்து வரையச் சென்றவர் அவர்; எனவே எதைப் பதிய வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருந்திருக்காது.

இன்னொருவர் நம் திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டு உயிர்களைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் வாழ்ந்து 1996இல் மறைந்தவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பெருங்காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். யானையைத் தேடிப் போனவர் யானைக்கேற்ற கருவியைச் சுமந்தார். நானோ வீட்டைத் தேடிப் போகும்போது நாரைக்கான கருவியைச் சுமந்தேன்.

இனி, பயணம் செல்வோர்க்கு என் அனுபவம் கற்பித்தவற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன்.

பையைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில், "இந்தப் பயணத்தில் எந்த மூன்று படங்கள் கிடைக்காவிட்டால் வருந்துவேன்?" என்று எழுதுங்கள். அந்த மூன்றுக்கும் உரிய லென்ஸ் முதலில் பைக்குள் போகட்டும். குடும்பத்தோடு செல்லும் பயணத்திற்குப் பெரும்பாலும் 18-55 போன்ற ஒன்றே போதும்; வீடும் அடங்கும், முகமும் அடங்கும். இருண்ட அறைகளும் பழைய பள்ளிவாசல்களும் உண்டென்றால் 50 அல்லது 35இல் சிறிய லென்ஸ் ஒன்று துணைக்கு இருக்கட்டும். அவற்றின் துவாரம் 1.8 அளவுக்குத் திறக்கும். 5.6 வரை மட்டுமே திறக்கும் லென்ஸைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை அது உள்ளே விடும். தொலைநோக்கு லென்ஸ், பறவையும் விலங்கும் பயணத்தின் நோக்கமாக இருந்தால் மட்டும்.

கடற்கரை மணலிலும் குற்றாலச் சாரலிலும் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் நீராவி படியும். சிறிது நேரம் பைக்குள்ளேயே விட்டு வையுங்கள். புதிய லென்ஸ் வாங்கினால், பயணத்திற்கு முன் பத்து நாட்களாவது வீட்டு முற்றத்தில் பழகிக்கொள்ளுங்கள். லென்ஸ் போதாத இடத்தில் டிரைப் செய்ததுபோல் நகர்ந்து நகர்ந்து எடுங்கள். இன்றைய கைபேசிகள் பலவற்றில் அகலமாகப் பார்க்கும் லென்ஸும் சேர்ந்தே வருகின்றது. அதை இளக்காரமாக எண்ணாதீர்கள். என் 18-55க்கு நான் செய்த பிழை அதுதான்.

சொன்னபடி இரண்டு நாள் கழித்து மாணவர் வந்தார். "போய் உன் உம்மாவிடம், என்ன படம் வேண்டும் என்று கேட்டு வா" என்றேன். மாலையில் திரும்பி வந்தவரின் முகத்தில் ஒரு வியப்பு இருந்தது. "தாஜ்மஹால் முழுசாத் தெரியாட்டியும் பரவாயில்ல. நானும் உங்க வாப்பாவும் ஒண்ணா உட்கார்ந்த படம் நம்ம வீட்டுல ஒண்ணுகூட இல்ல என்று சொன்னார்கள் ஹஜ்ரத்" என்றார். நான்கு லென்ஸுகளில் மூன்றை அவரே பைக்குள் வைத்து மூடிவிட்டார். 35 மட்டும் வெளியே இருந்தது.

உங்கள் குடும்பத்திலும் விற்கப்படவோ இடிக்கப்படவோ காத்திருக்கும் வீடு ஒன்று இருக்கலாம். நீண்ட பயணம் எதுவும் வேண்டியதில்லை. இந்த வாரமே சென்று, கையில் உள்ள கருவியால் ஓரம் ஓரமாகச் சேர்த்து எடுத்து வாருங்கள்.

நான் எடுத்த ஏழு படங்களையும் பின்னொரு நாள் கணிப்பொறியில் ஒட்டிப் பார்த்தேன். கதவுக்கும் சன்னலுக்கும் நடுவில் ஒரு முழம் சுவர் எந்தப் படத்திலும் இல்லை. அங்கே வெள்ளையாக ஓர் இடைவெளி நின்றது. அதை உம்மாவிடம் காட்டினேன். விரலை அந்த வெள்ளையின்மீது வைத்து, "இங்கதான் மாடக்குழி. எங்க உம்மா விளக்கு வைக்கிற இடம்" என்றார்கள். பிரதியின் பின்புறத்தில், அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கின்றேன்.