இரண்டு வெள்ளை

வீட்டுக்கு பெயின்ட் அடித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? இருந்தால் இந்த அவஸ்தை புரியும்.

செஞ்சியில் அம்மா இருக்கும் அறைக்கு வெள்ளை வாங்கக் கடைக்குப் போனேன். 'எந்த வெள்ளை சார்?' என்று அட்டையை விரித்தார் கடைக்காரர். தந்தம், பாலாடை, முத்து... எல்லாம் ஒட்டிப் பிறந்த இரட்டையர்! டைட்டானியம் டை ஆக்ஸைடு போட்ட அதே வெள்ளையில் மெஷின் சில சொட்டு மஞ்சளோ கறுப்போ விடுகிறது. அவ்வளவுதான், பெயர் மாறிவிடுகிறது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய எங்கள் கோட்டையைக் கட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. சுண்ணாம்பு, முடிந்தது.

ஒருவழியாக இரண்டைப் பொறுக்கினேன். 'அட்டையை நம்பாதீங்க சார். செவுத்துல அடிச்சுப் பார்த்துடலாம்' என்றார் பெயின்டர். ரெண்டடி சதுரமாகப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோட்டிங். காலையில் ஒரு முகம், டியூப் லைட்டில் வேறு முகம். எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

'நீயே சொல்லும்மா' என்றேன்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. இடது கண்ணுக்கு மட்டும், 'ஒண்ணு போதும்டா, இந்த வயசுல எதுக்கு?' என்று பிடிவாதம். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

'ரெண்டும் ஒண்ணுதானே? டீ கொட்டின மாதிரி இருக்கு.'

கையை மாற்றினாள். 'அட, இது வெள்ளை... அது லேசா மஞ்சள்!'

மறுபடி மாற்றினாள். மறுபடியும்.

நான் பி.காம். இரண்டு பக்கமும் டேலி ஆகவேண்டும் என்று படித்தவன். ஒரே முகத்தில் இரண்டு கண்ணும் டேலி ஆகாததை அன்றுதான் பார்த்தேன். புரை விழும் லென்ஸ் மஞ்சளாகி, நீல ஒளியை மறைக்குமாம். வருஷக்கணக்கில் மெல்ல நடப்பதால் நமக்கே தெரியாது. பிரெஞ்சு ஓவியர் மோனேகூட 1923-ல் வலது கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் செய்துகொண்டு, நிறங்களோடு மல்லுக்கட்டினார். இடது கண்ணைத் தொடவே விடவில்லை. அம்மாவுக்கு நல்ல ஜோடி!

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: 'அப்பா வேட்டிக்கெல்லாம் நான் நீலம் அதிகமா போட்டேனாடா?'

என்ன சொல்ல? வேட்டி மஞ்சளடிக்கிறது என்று முக்கி முக்கி எடுப்பாள். கடைசி வருஷங்களில் அப்பா ஆகாய நிறத்தில்தான் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். நாங்கள் சிரிப்போம். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

'கொஞ்சம்' என்றேன்.

'டாக்டர்கிட்ட தேதி கேளு.'

'பெயின்ட்?'

'அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்.'

பெயின்டரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சுவரில் அந்த இரண்டு சதுரமும் அப்படியே இருக்கின்றன.