குன்றத்தூரார் கண்ட நாவுக்கரசர்

ஸ்ரீபெரும்பூதூர் தொடங்கி ஒரகடம் வரையுள்ள நிலப்பகுதி இக்காலத்து மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளாற் பெயர்பெற்றது. அதற்குக் கிழக்கே மணிமங்கலம் என்னும் பழையவூர் உள்ளது. முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் சளுக்கிய வேந்தனாகிய இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் இதனையும் ஒன்றாகக் கூரம் செப்பேடு கூறும். வாதாபி நகர் கி.பி. 642-ல் வீழ்ந்தது. இப்போர்கள் நிகழ்ந்த நூற்றாண்டிலேயே திருநாவுக்கரசு சுவாமிகள் வாழ்ந்தருளினார். அவர் வரலாற்றை விரித்துரைத்த சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூரும் மணிமங்கலத்துக்கு வடகிழக்கே அண்மையில் உள்ளதே.

போர் சுவாமிகளுடைய இல்லத்தில் இளமையிலேயே புகுந்தது. தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் அரசன் ஏவலால் வடபுலத்துப் பகைவர்மேற் சென்று களத்திற் பட்டார். தாய் தந்தையரும் முன்னரே மறைந்தனர். உயிர் துறக்கத் துணிந்த தமக்கையார் தம்பி உளராதல்வேண்டும் என்னும் தயாவினால் உயிர் தாங்கினார். பின்னாளில் அத்தம்பியார் சமண் சார்ந்து தருமசேனராய்ச் சிறந்ததும், சூலைநோயால் வருந்தித் தமக்கையார் அளித்த திருநீறு பெற்று மீண்டதும் யாவரும் அறிந்தனவாம்.

சமணர் முறையிடக் கேட்ட பல்லவன் அவரைக் கொணர்கவென்று அமைச்சரை ஏவினான். படையொடு திருவதிகை சேர்ந்த அமைச்சர் அரசாணை கூறினர். சுவாமிகள், தாம் எவர்க்கும் குடியல்லர் என்னும் கருத்தமைய மறுமாற்றத் திருத்தாண்டகம் அருளிச் செய்தார். பிரசங்கம் செய்வோர் பெரும்பாலும் இவ்விடத்தே கைதட்டல் பெற்று நிறுத்திவிடுவர். சேக்கிழாரோ நிறுத்திற்றிலர். அது கேட்ட அமைச்சர் சுவாமிகள் அடிகளில் வணங்கித் தம்முடன் எழுந்தருள வேண்டினர் என்றும், வருகின்ற வினைகளுக்கு எம்பிரான் உளன் என்று சுவாமிகள் இசைந்தருளினார் என்றும் அடுத்த பாட்டிற் கூறுகின்றார்.

குடியல்லோம் என்றவர் உடன்சென்றது எற்றுக்கு? ஆணை பணிந்து சென்றாரல்லர். வேண்டினார் பொருட்டே சென்றார். ஆணையை நிறைவேற்றாது மீளும் அமைச்சர்க்கு நேர்வது யாதென்பது அரசவை அறிந்தார்க்கே விளங்கும். சேக்கிழார் அதனை அறிந்தவர். அநபாய சோழனுக்கு அமைச்சராயிருந்து, உத்தமசோழப் பல்லவர் என்னும் பட்டமும் பெற்றவர். பல்லவர் என்று பட்டம் பெற்றவரே பல்லவனது கொடுமையைப் பாட நேர்ந்தமை வியப்பே. அமைச்சரைக் கொடியராகக் காட்டுதல் அவருக்கு எளிது. அவர் காட்டியதோ, இறைவனடியார்முன் தலை தாழ்ந்து இரந்து நின்ற ஏவலாளரை.

நீற்றறையும் நஞ்சும் யானையும் கடலும் பின்னர் நிகழ்ந்தன. கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறியது. அரசனும் தெளிந்து சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து அக்கற்கொண்டு திருவதிகையிற் குணதரவீச்சரம் எடுத்தான். இவன் மகேந்திரவர்மனே என்பது குணபரன் என்னும் அவன் விருதுகொண்டு ஆராய்ச்சியாளர் துணிந்தது. சேக்கிழார் இயற்பெயர் கூறிற்றிலர். பள்ளி இடித்தது அரசன் செய்கையாகவே கூறப்பட்டுள்ளது. சுவாமிகள் அதனை ஏவினார் என்று அங்கு ஒரு சொல்லும் இல்லை. இதனை இரு திறத்தாரும் மறந்து வாதிடுகின்றனர்.

பின் சுவாமிகள் தலந்தோறும் உழவாரத்தொண்டு செய்து சென்றார். காஞ்சி, கழுக்குன்றம், வான்மியூர், மயிலை, ஒற்றியூர் என அவர் தொண்டைநாட்டில் நடந்த வழி மணிமங்கலத்தையும் குன்றத்தூரையும் சூழ்ந்து செல்வதாம்.

திருப்புகலூரில் முருகனார் திருமடத்தில் ஒருநாள் ஆளுடையபிள்ளையாரும் சுவாமிகளும் அடியார் கூட்டத்தோடு வீற்றிருந்தனர். அக்கூட்டத்திற் சிறுத்தொண்டர் ஒருவர். மன்னன்பொருட்டு வாதாபியைத் துகளாக்கிய சேனாபதி பரஞ்சோதியார் அவரே. வடபுலப் போரிற் கணவராக வரவிருந்தவரை இழந்த திலகவதியாரின் தம்பியாரும், அவ்வடபுலத்தை வென்று படைத்தொழில் நீங்கிய அவரும், அன்று திருநீற்றுக் கோலத்தோடு ஒரு மடத்தில் உடனிருந்து திருத்தொண்டர் பெருமை பேசியிருந்தனர்.